கர்ப்பிணியின் ரத்தத்தில் இரும்புச் சத்து: சீட்டில் எழுதிய எண் என்ன சொல்கிறது?

மும்பையில் தாராவி, ஆன்டாப்ஹில், செம்பூர், முலுண்டு என்று தமிழர்கள் குடியிருக்கும் பகுதிகளிலிருந்து மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் கர்ப்பிணிப் பெண்களின் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'எச்.பி.' என்ற இரண்டு எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். 11.4, 9.8, 8.2 என்று ஏதாவது ஒன்று.

நீண்ட வரிசையில் நின்று களைத்துப் போன பெண், மாத்திரைப் பட்டையை வாங்கிக் கொள்கிறாள். சீட்டை மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொண்டு வீடு வந்து சேருகிறாள். இரவு வேலை முடிந்து திரும்பும் கணவருக்கு அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. மாமியாருக்கோ ஆங்கிலம் தெரியாது. அந்த எண் என்ன சொல்கிறது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் பிரசவ நேரத்தில் அந்தப் பெண்ணின் உடல் எவ்வளவு ரத்த இழப்பைத் தாங்கும், பிறக்கும் குழந்தை எடை குறைந்து பிறக்குமா என்ற கேள்விகளுக்கு அந்தச் சிறிய எண்ணில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இது 50 ஆக இருந்தது. ரத்த சோகையைத் தடுக்க மத்திய அரசு முதன்முதலில் திட்டம் தீட்டியது 1970ல். அரை நூற்றாண்டு கழித்தும் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் ரத்தக் குறைவுடன்தான் பிரசவ அறைக்குள் நுழைகிறார்கள்.

முகம் பார்த்துச் சொல்லலாமா?

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்துப் போயிருக்கே" என்று சொல்லும் பாட்டிமார்கள் எல்லா ஊரிலும் உண்டு. டாக்டர்களும் அப்படிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் இமையும் நாக்கும் நகமும் வெளுத்துத் தெரியும்போது, ரத்தம் பெரும்பாலும் நன்றாகவே குறைந்து போயிருக்கும். லேசான சோகை கண்ணுக்குத் தெரியாது.

களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் ஆகியவையும் ஏமாற்றக் கூடியவை. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குவது கர்ப்பிணிகளுக்கு இயல்பு. அது சோகையாலா, கர்ப்பத்தாலா என்று எப்படிப் பிரிப்பது? மேலும் சோகை மெல்ல மெல்ல வருவதால் உடலும் அதற்குப் பழகிப் போகிறது. எச்.பி. 8 இருக்கும் பெண் குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக் கொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லக் கூடும்.

ஓர் அடையாளத்தை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. சாம்பல், பச்சரிசி, மண், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றின் மேல் அடங்காத ஆசை. மசக்கை என்று சிரித்து விட்டுவிடுவது நம் வழக்கம். இரும்புச் சத்துக் குறைந்தவர்களிடம் இந்த ஆசை அதிகம் காணப்படுகிறது. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஒரு கிராம் இரும்பு

கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் இரும்பு, மொத்தமாகக் கணக்கிட்டால் சுமார் 1,000 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம். இதில் சுமார் 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. ஏறக்குறைய 500 மில்லிகிராம், தாயின் உடலில் கூடுதலாக உண்டாகும் சிவப்பு அணுக்களுக்குச் செலவாகிறது. மீதி, தினமும் உடலிலிருந்து வெளியேறும் இழப்பை ஈடு கட்டுகிறது.

ஒரு கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் சோறு, சாம்பார், கீரை என்று சாப்பிடும் சாப்பாட்டில் உள்ள இரும்பில் ஒரு சிறு பகுதியைத்தான் குடல் உறிஞ்சிக் கொள்கிறது. மாதவிலக்கு இழப்பு, அடுத்தடுத்த பிரசவம், குடல் புழு என்று ஏற்கெனவே இருப்புக் குறைந்த பெண் கர்ப்பமானால், வெறும் சாப்பாட்டால் இந்தக் கணக்கை நேர் செய்ய முடியாது.

டப்பாவாலா கணக்கு

உடலில் இரும்பு எப்படிக் கையாளப்படுகிறது என்பதைப் புரிந்து கொள்ள மும்பைவாசிகளுக்கு ஓர் எளிய உதாரணம் உண்டு. வீட்டில் அரிசி இருப்பு இருக்கிறது. டப்பாவாலா சாப்பாட்டைச் சுமந்து செல்கிறார். ஆபீசில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிடுகிறார்.

அரிசி இருப்பைப் போன்றது 'பெரிட்டின்' என்ற புரதம். இரும்பைச் சேமித்து வைப்பது இதன் வேலை. டப்பாவாலாவைப் போன்றது 'டிரான்ஸ்பெரின்'. இது ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்கிறது. கடைசியில் சிவப்பு அணுவுக்குள் 'ஹீமோகுளோபின்' ஆகி உயிர்க்காற்றை உடலெங்கும் கொண்டு செல்வது, ஆபீசில் உண்ணும் சாப்பாடு.

தட்டுப்பாடு வந்தால் முதலில் வீட்டு இருப்புத்தான் தீரும். அப்போதும் டப்பா போய்க் கொண்டிருக்கும்; ஆபீசில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு டப்பாக்கள் காலியாகப் போக ஆரம்பிக்கும். கடைசியில்தான் சாப்பாடு இல்லை என்பது தெரியவரும். அதாவது ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இருப்பு காலியாகியிருக்கும். எச்.பி. 11.2 என்று திருப்தியாக எழுதப்பட்ட பெண்ணுக்கும் இரும்பு இருப்பு அடியோடு தீர்ந்திருக்கலாம்.

ரத்தப் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் இந்தச் சங்கிலியில் ஓரிடத்தை எட்டிப் பார்க்கின்றன.

முதல் பரிசோதனை

100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதே எச்.பி. எண். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் சோகை. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் சோகை. உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்று எல்லையைக் குறைத்திருக்கிறது.

கர்ப்பிணிக்கு ஏன் இந்தச் சலுகை? கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சிவப்பு அணுக்களும் பெருகுகின்றன. ஆனால் அந்த அளவுக்கு இல்லை. சாம்பாரில் தண்ணீர் சேர்த்தால் பருப்பு நீர்த்துத் தெரிவது போல எண் சற்றுக் குறைகிறது. இது இயல்பு.

10 முதல் 10.9 வரை லேசான சோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7க்குக் கீழே கடுமையானது. லேசான, நடுத்தரச் சோகைக்கு மாத்திரை பலன் தரும். 7க்குக் கீழே இறங்கினால் மாத்திரையை நம்பி வீட்டில் இருப்பது ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 5க்கும் கீழே என்றால் அன்றே படுக்கையில் சேர வேண்டும்; ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

சுகப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகக் கூடும். எச்.பி. 12 உள்ள பெண் அதைத் தாங்கிக் கொள்வாள். 6 உள்ள பெண்ணுக்கு அதே அரை லிட்டர் உயிருக்கு உலையாகிவிடும்.

முன்பெல்லாம் கண்ணாடிக் குழாயில் ரத்தத்துடன் அமிலம் கலந்து, பழுப்பு நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்து அளவு சொல்வார்கள். பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து எண் மாறும். இப்போது பெரும்பாலான இடங்களில் இயந்திரம் அளக்கிறது. விரலில் குத்தி எடுக்கும்போது அழுத்திப் பிழிந்தால் திசு நீர் கலந்து எண் குறைவாக வரலாம். ஆகவே விரல் பரிசோதனையில் சந்தேகம் வந்தால், கை நரம்பில் ரத்தம் எடுத்து மீண்டும் பார்ப்பார்கள். ஓரிடத்தில் 9.6, இன்னோரிடத்தில் 9.9 என்று வந்தால் கலவரப்பட வேண்டாம்.

பம்பாய் ஆலைப் பெண்கள் தந்த பாடம்

ரத்தம் குறைந்தால் இரும்பு மாத்திரை, அதற்கு ஏன் இத்தனை பரிசோதனை என்று கேட்பவர்களுக்கு இதே நகரத்தின் பழைய வரலாறு ஒன்று பதில் சொல்கிறது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாப்கின் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு வேலை. பம்பாய்த் துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானபோது பலருக்குக் கடுமையான சோகை கண்டது. அவர்களின் சிவப்பு அணுக்கள் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தன. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை லூசி வில்ஸ் ஆராய்ந்தார். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும், சென்னையில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் பெண்கள் ஆஸ்பத்திரியிலும் அவருடைய ஆராய்ச்சி தொடர்ந்தது.

விடை ஒரு மலிவான பொருளில் கிடைத்தது. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாறு. அதைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931ல் இதை அவர் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துத்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புடன் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது. அந்த ஆலைப் பெண்களின் ரத்தத்தில் கிடைத்த அறிவு அது.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல என்பதே இந்த வரலாற்றின் பாடம். அணு பெரிதா, சிறிதா என்று பார்த்தால்தான் காரணம் தெரியும்.

அணுவின் அளவு

'சி.பி.சி.' என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் முழு ரத்தப் பரிசோதனை இதைக் காட்டும். அந்த ரிப்போர்ட்டில் 'எம்.சி.வி.' என்று ஒரு வரி இருக்கும். அது சிவப்பு அணுவின் சராசரி அளவு. 80க்குக் கீழே இருந்தால் அணு சிறுத்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் இரும்புக் குறைவு. 100க்கு மேலே இருந்தால் போலிக் அமிலமோ, பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம். இரண்டு குறைவும் ஒன்றாக இருந்தால் எண் நடுவில் நின்று ஏமாற்றவும் கூடும்.

அணு சிறுத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. அது தலசீமியா என்ற பரம்பரைக் குறை. தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறையைப் பெற்றவர் சாதாரணமாகவே நடமாடுவார். லேசான சோகை தவிர வேறு அறிகுறி இருக்காது. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் இது இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை கடும் தலசீமியாவுடன் பிறப்பதற்கு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே குறை இருக்கும் வாய்ப்புக் கூடுதல்.

ஆகவே எம்.சி.வி. மிகவும் குறைந்திருந்தால் 'எச்.பி.எல்.சி.' என்ற இன்னொரு பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் சந்தேகம் உறுதியாகும். உடனே கணவனும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். "எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்று ஆண்கள் தட்டிக் கழிப்பது தவறு. இதைக் கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இருப்பைக் காட்டும் பெரிட்டின்

இரும்பு இருப்பை நேராகக் காட்டுவது பெரிட்டின் பரிசோதனை. முதல் மூன்று மாதத்தில் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இருப்புத் தீர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30க்குக் கீழே வந்தாலே சிகிச்சை தொடங்கும் டாக்டர்களும் பலர். மாதம் ஏற ஏற இந்த எண் தானாகவே குறையும். ஆகவே தொடக்கத்தில் பார்த்தால் பயன் அதிகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காய்ச்சல், தொற்று, வீக்கம் இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயரும். அப்போது 40 என்று வந்தாலும் இருப்பு இருக்கிறது என்று நம்ப முடியாது. காய்ச்சல் அடித்து ஓய்ந்த விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

'சீரம் அயர்ன்', 'டி.ஐ.பி.சி.' என்பவை டப்பாவாலா கணக்கு. இரும்புக் குறைவில் சுமப்பவர் எண்ணிக்கை கூடும், சுமை குறையும். 100 டப்பாவில் 16 கூட நிரம்பவில்லை என்றால் குறைவு உறுதி. ஆனால் சீரம் அயர்ன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும். முந்திய நாள் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் ஏறிவிடும். அதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை.

பெரிட்டின் பரிசோதனைக்குத் தனியார் லேபரட்டரியில் சில நூறு ரூபாய் ஆகும். எல்லாக் கர்ப்பிணிக்கும் அது கட்டாயமல்ல. அரசுத் திட்டத்தின்படி எச்.பி. பார்த்து மாத்திரை தொடங்குகிறார்கள். சோகை இருந்தால் தினம் இரண்டு மாத்திரை. ஒரு மாதத்தில் எண் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால்தான் அடுத்த பரிசோதனைகளுக்கு வேலை. பிரசவம் நெருங்கிவிட்டாலும், மாத்திரை ஒத்துக் கொள்ளாவிட்டாலும் நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவதும் உண்டு.

ஏன் ஏறவில்லை?

மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ரத்தம் ஊறாது. குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பாதியில் விடுபவர்கள் அநேகம். இரவு சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயம் வேண்டாம். மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது வெறும் கட்டுக்கதை.

மும்பையில் இன்னோர் எதிரி டீ. மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ குடித்தால் இரும்பு உடலில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா துணை செய்யும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன், நம் ஊர்க்காரர்கள் தேடி வாங்கும் சுவரொட்டி ஆகியவை நல்லவையே. பீட்ரூட்டின் சிவப்பு மட்டும் ரத்தமாகிவிடாது.

"எங்க காலத்துல டெஸ்டா பார்த்தோம்? நாங்க பெத்துக்கலையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு அந்தக் காலத்துப் பிரசவ மரணங்களும் நினைவிருக்கும். "இருக்கிற ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கிறார்களே" என்ற கவலையும் வேண்டாம். உடலில் ஓடும் ரத்தம் நாலைந்து லிட்டர். பரிசோதனைக்கு எடுப்பது ஒரு ஸ்பூன் அளவுதான்.

ஊருக்குப் புறப்படும் முன்

மும்பைத் தமிழர் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு ரயில் ஏற்றுவது வழக்கம். அங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. வளையல், சேலை, பலகாரம் எல்லாம் பெட்டிக்குள் போகும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு தாராவி வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். ஊரில் இருக்கும் டாக்டருக்கு இந்தப் பெண்ணின் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியாது. 9.5 என்ற எண் 8லிருந்து ஏறி வந்ததா, 11லிருந்து சரிந்து வந்ததா? இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

ஆகவே எல்லா ரிப்போர்ட்டும், தாய் சேய் அட்டையும் கைப்பையில் இருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் ஒரு முறை எச்.பி. பார்த்துக் கொள்வது நலம். பயண நாட்களுக்கும் சேர்த்து மாத்திரை வாங்கிக் கொள்ள வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும்.

மும்பையிலேயே பிரசவம் என்றால், பிரதமர் பெயரில் 2016ல் தொடங்கிய திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. மொழி தெரியவில்லை என்று பின்வாங்க வேண்டாம். இந்தியில் 'கூன் கீ கமீ' என்றாலும், மராத்தியில் 'ரக்தாச்சீ கமதரதா' என்றாலும் ரத்தக் குறைவு என்றுதான் பொருள். அப்படிச் சொன்னால் இரண்டே கேள்வி கேட்டால் போதும். எச்.பி. எவ்வளவு? அடுத்த பரிசோதனை எப்போது?

சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்க்காதவர் யாரும் இல்லை. மனைவியின் சீட்டில் உள்ள அந்த எண்ணையும் மாதம் ஒரு முறை கணவர் பார்க்க வேண்டும். போன மாதத்தை விட ஏறியிருந்தால் மாத்திரை தொடரட்டும். ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ அடுத்த நாளே அரை நாள் லீவு போட்டு டாக்டரைப் பார்க்கத் துணைக்குப் போக வேண்டும்.